மாதிரி சீட்டின் உட்புறம்

கார் சீட் தைக்கும் அந்தப் பட்டறையில் மூன்று தையல் மெஷின்கள் இருந்தன. இரண்டில் வேலை நடந்தது. மூன்றாவது, அந்த இரண்டுக்கும் உதிரிப்பாகம் கொடுத்துக் கொடுத்து எலும்பும் தோலுமாக மூலையில் நின்றது. அதன் மேல் படியும் தூசியைத் துடைக்கும்போதெல்லாம் "நானும் உன்னை மாதிரிதான் ஆயிட்டு வர்றேன்" என்று அவள் அதனிடம் சொல்வாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. இருபத்தொரு வயதில் கல்யாணமாகி வந்தவளை மூன்றாம் நாளே மாமனார் பட்டறைக்குள் கூட்டிப்போய், ஒரு வளைந்த ஊசியையும் கெட்டி நூலையும் கையில் கொடுத்தார். முப்பத்தெட்டு வருடமாக அந்த ஊசி கீழே இறங்கவில்லை. வலது கை மோதிரவிரலில் உணர்ச்சி போய் நாலு வருடமாகிறது. இடது முழங்கால் மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. மதியம் சாப்பிட்டதும், வெட்டி மிஞ்சிய ஸ்பாஞ்சுக் குவியல் மேல் இருபது நிமிடம் சாய்வாள். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த இருபது நிமிடம்தான். ஏப்ரல் பிறந்ததும் பட்டறையை இரண்டு மாதம் மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்திருந்தாள். வந்து என்ன செய்யப்போகிறாய் என்று மகள் போனில் கேட்டதற்கு, "ஒண்ணும் செய்ய மாட்டேன். அதுக்குத்தான் வரேன்" என்றாள்.

கணவரை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். அவர் தையல் போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இளவயதில் ஒரு ரெக்ஸின் கம்பெனியின் விற்பனையாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். அப்பா இறந்த பிறகுதான் பட்டறைக்கு வந்து, வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தே இது எந்தக் காலத்துச் சரக்கு, எந்த மாதிரி ஆலையில் ஓடியது என்று சொல்லிவிடுவார். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டையும் சொல்கிற விதத்திலேயே சரியாக்கிவிடுவார். பழைய கார் வைத்திருப்பவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'மேஸ்திரி சொல்லிட்டாரா? அப்ப சரி' என்பது அவர்களுக்குள் ஒரு முத்திரை போல ஆகியிருந்தது.

அந்தப் பழைய கார்க்காரர்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று காரின் சீட் எப்படி இருந்தது? எஞ்சின் நம்பருக்கு ஆவணம் இருக்கும். சீட்டுக்குக் கிடையாது. நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை யாராவது உறை மாற்றியிருப்பார்கள். எது முதல் உறை? இதற்கு மேஸ்திரியிடம் ஒரு விதி இருந்தது. உறையை இழுத்து, சீட்டின் அடியில் இருக்கும் மரச்சட்டத்தில் குட்டி ஆணிகளால் அறைவது வழக்கம். உறை மாற்றுகிறவன் பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் புது இடம் பார்த்து அடிப்பான். ஆகவே சட்டத்தில் ஒரே வரிசைத் துளை இருந்தால் அது கம்பெனி உறை. பக்கத்தில் வெற்றுத் துளை தெரிந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய வீட்டின் கார் கொட்டகையில், மூன்றே வருடம் தயாரித்துக் கைவிட்ட ஒரு நாலு கதவுக் காரின் பின் சீட் அகப்பட்டது. மெரூன் நிற ரெக்ஸின். இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாகத் தையல். ஓரத்தில் கயிறு மாதிரி ஓடும் வெள்ளைப் பைப்பிங். பழைய கார் சங்கத்தின் செயலாளர் அதைக் குழந்தையைப் போலத் தூக்கி வந்தார். செயலாளர் தொழிலால் பல் டாக்டர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஆணி வரிசையைச் சுற்றிப் பார்த்தார். அறுபத்திரண்டு ஆணி. ஒரே வரிசை. பக்கத்தில் ஒரு வெற்றுத் துளைகூட இல்லை.

"கம்பெனி சீட்" என்றார் மேஸ்திரி.

டாக்டர் தேதி போட்டு எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அதற்கு 'மாதிரி சீட்' என்று பெயர். கிளினிக் மாடியில் கண்ணாடி வைத்த மரப்பெட்டிக்குள் அதைக் குடிவைத்தார். ஒரு தையலைப் பிரிக்கவோ ஓர் ஆணியைப் பிடுங்கவோ யாரையும் விடவில்லை. அவள் வெளியிலிருந்தே அளவெடுத்து, அதே மெரூனில், அதே பட்டைத் தையலில், அந்த வகைக் கார்கள் பதினொன்றுக்கு சீட் தைத்துக் கொடுத்தாள். ஒரு காருக்குச் சராசரி பத்தொன்பது நாள் ஆனது.

பன்னிரண்டாவது கார் பிப்ரவரி 19ஆம் தேதி காலை, இன்னொரு வண்டியின் பின்னால் கயிற்றில் வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவருடையது, வயது அறுபத்தொன்று. காரை வாங்கியது அவருடைய அப்பா. சீட்டுகளின் மேல் யாரோ மஞ்சள் ஸ்பாஞ்சும் பூப்போட்ட சோபாத் துணியும் போர்த்தி, சட்டத்தைச் சல்லடையாகத் துளைத்திருந்தார்கள்.

"இதுக்கு மெரூன்தான்" என்றார் மேஸ்திரி, மேசையை விட்டு எழாமலே.

"மெரூன் இல்லைங்க. பச்சை. பாசி மாதிரி பச்சை. நடுவுல சாம்பல் கோடு. ரெக்ஸினே இல்ல, துணி."

"எப்ப பாத்தீங்க?"

"வண்டி வந்தப்பவே. எனக்கு ஒன்பது வயசு."

மேஸ்திரி சிரித்தார். "ஒன்பது வயசுல எங்க அப்பா எனக்கு ஏழடி உயரம்மா."

"எங்க அப்பா அஞ்சடி ரெண்டங்குலம்தான். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு."

அன்று அங்கே வந்திருந்த டாக்டரும் சேர்ந்துகொண்டார். "ஞாபகம் சாட்சி ஆகாது நர்ஸம்மா. துளைதான் சாட்சி. நாங்க துளைய வச்சுத்தான் முடிவு பண்ணினோம்."

"துளைன்னா உங்களுக்குக் கேக்கவா வேணும் டாக்டர்" என்றார் நர்ஸ். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் மறுபடி வந்தார். வாசலில் நின்ற தன் காரின் பின் சீட்டைக் குடைந்துவிட்டு, மருந்து போட்டுக் கொடுக்கும் காகித உறை ஒன்றோடு மேஸ்திரியின் மேசைக்கு வந்தார். அதன் மேல் 'பின் சீட் ஸ்பிரிங்குக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், இடப்பக்கம், பிப். 21, காலை 9.40' என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்று விரல் அகலம், ஏழு விரல் நீளத்தில், நாலாக மடித்த ஒரு துணித்துண்டு. வெளிமடிப்பு கரி பிடித்துக் கறுத்திருந்தது. பிரித்தால் உள்ளே பாசிப்பச்சை. இரண்டு ஓரத்திலும் சாம்பல் கோடு.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "ஸ்பிரிங் சத்தம் போடுதுன்னு எந்த மெக்கானிக்கோ கையில கிடைச்ச கிழிசலைத் திணிச்சிருக்கான். இதெல்லாம் சாட்சி இல்லம்மா."

நர்ஸ் உறையோடு உள்ளே, அவள் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா. ஒன்பது வயசுல பாத்தது மட்டும் இல்ல. இருபத்திநாலு வயசுல, அப்பாவை அந்தப் பின் சீட்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சித்தப்பா ஓட்டினாரு. அப்பா தலை என் மடியில. நாப்பது நிமிஷம். அவர் முகத்தைப் பாக்க தைரியம் இல்லாம சீட்டையேதான் பாத்துக்கிட்டு வந்தேன். கோடு கோடா எண்ணினேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாரு, உள்ள வரல. அப்புறம் சீட்ல கறை இருக்குன்னு சித்தப்பா எல்லாத்தையும் மாத்திட்டாரு. அந்தச் சீட்ல இன்னொரு தடவை உக்காரணும், அவ்ளோதான். மெரூன்ல உக்காந்து நான் என்னம்மா பண்ணுவேன்?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை தவறிவிட்டது. "வச்சுட்டுப் போங்க நர்ஸம்மா" என்று உறையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டாள். அதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் நினைத்தாள். மெரூன் ரெக்ஸின் சுருள் ஏற்கெனவே வந்து சுவரில் சாய்ந்து நின்றது.

மார்ச் 4, திங்கட்கிழமை, டாக்டர் முகம் தொங்கிப்போய் வந்தார். எலி ஒன்று பெட்டியின் அடிப்பலகையைக் குடைந்து மாதிரி சீட்டுக்குள் புகுந்துவிட்டது. அடிச்சாக்கைக் கடித்து, ரெக்ஸினின் ஒரு மூலையையும் நாலங்குலத்துக்குத் தின்றிருந்தது.

"வேற வழியில்லாமத்தான் பிரிக்கச் சொல்றேன்" என்றார். குரல் சொந்தக்காரரை ஆபரேஷனுக்கு அனுப்புகிறவர் குரலாக இருந்தது. "ஆணிய எண்ணி எடுங்க. எடுத்த வரிசையிலேயே வைங்க. சனிக்கிழமை வர்றேன்."

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அவள் சீட்டைக் கவிழ்த்துப்போட்டாள். மேஸ்திரி வங்கிக்குப் போயிருந்தார். ஆணிப்பிடுங்கியை நுழைத்து முதல் ஆணியை நெம்பினாள். நாற்பது, ஐம்பது வருடம் மரத்தில் கிடந்த ஆணி மல்லுக்கட்ட வேண்டும். இது வெண்ணெயிலிருந்து வருவது போல வந்தது. கூடவே ஒரு சின்னச் சிராயும் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மருந்து நீக்கிய தீக்குச்சி, நீளவாக்கில் பிளந்தது. அடுத்த ஆணியிலும் தீக்குச்சி. அதற்கடுத்ததிலும்.

அவள் நிறுத்தினாள். பிறகு மீதி ஆணிகளை வேகமாகப் பிடுங்கி, ரெக்ஸினின் ஓரத்தைத் தூக்கினாள். உறை சுருங்காமல் நிற்க உள்ளே ஒரு கம்பி ஓடும். அந்தக் கம்பியை நுழைக்க, உறையின் உட்பக்கம் துணியில் குழாய் மாதிரி தைத்திருப்பார்கள். கம்பெனியில் அதற்குக் காடாத்துணி போடுவார்கள். இங்கே இருந்தது காடா இல்லை. வெள்ளையில் நீலக்கோடு போட்ட துணி. ஒரு ஓரத்தில் மூன்று பித்தான் துளை.

அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை உறை அது.

சிரித்துவிட்டாள். ஆள் இல்லாத பட்டறையில் வாய்விட்டுச் சிரித்தாள். தலையணை உறை எங்கே என்று மாமியார் கேட்டபோது, கொடியிலிருந்து காற்றில் பறந்துவிட்டது என்று பொய் சொன்னது நினைவுக்கு வந்தது. மாமியார் பக்கத்து வீடுகளிலெல்லாம் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

கல்யாணமான அடுத்த வருடம். வேலைக்கு இருந்த இரண்டு பேரும் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். உறையின் மேல்முகத்தை மாமனார் தைப்பார். கவிழ்த்துப்போட்டு உள்வேலை செய்வதும் ஆணி அறைவதும் அவள் வேலை. காடாத்துணி கொடுப்பதில் மாமனார் மகா கருமி. கேட்டால், "இருக்கறதை வச்சுப் பாரு" என்பார். இருந்தது தலையணை உறைதான். அவளுக்கு அப்போது ஏழு மாதம். குனிந்து சுத்தியலை ஓங்கினால் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். அதனால் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய ஆணித் துளையிலேயே பிளந்த தீக்குச்சியைப் பசையில் தொட்டுச் சொருகி, அதே இடத்தில் ஆணியை வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, ஒரே ஒரு தட்டு. சத்தமும் இல்லை, வலியும் இல்லை, புதுத் துளையும் இல்லை. மாமனாருக்கும் தெரியாது. அவர் மகனோ அப்போது வேறு ஏதோ ஊரில் ரெக்ஸின் விற்றுக்கொண்டிருந்தார்.

சீட்டின் முகத்தை அவள் அந்தக் காலத்தில் பார்த்ததே இல்லை. முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வருடமாக எல்லோரும் அவளிடம் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான், அப்படியானால் இது கம்பெனி உறை இல்லை என்பது உறைத்தது. வளைந்த ஊசியால் ஒரு துளையின் அடியைக் கிளறினாள். தீக்குச்சிக்கும் கீழே, முதல் ஆணி மரத்துக்குள் தள்ளிக்கொண்டு போன இழை இரண்டு வந்தன. பச்சை. ஒன்பது துளைகளைக் கிளறினாள். ஏழில் பச்சை இருந்தது. இழுப்பறையிலிருந்து நர்ஸ் கொடுத்த துண்டை எடுத்து, நெடுக்கு இழை ஒன்றையும் குறுக்கு இழை ஒன்றையும் உருவினாள். சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துக் கொளுத்திப் பார்த்தாள். நெடுக்கு இழை மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு சுருண்டு, தொட்டால் பொடியானது. கம்பளி. குறுக்கு இழை காகிதம் போல எரிந்து சாம்பலானது. பருத்தி. ஆணித்துளையிலிருந்து வந்த இழையையும் காட்டினாள். மயிர் நாற்றம்.

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினொன்றைப் பத்தொன்பதால் பெருக்கினாள். இருநூற்று ஒன்பது நாள். சொன்னால் அந்த இருநூற்று ஒன்பது நாளும் திரும்பி வந்து வாசலில் நிற்கும். சொல்லாவிட்டால் ஏப்ரலில் மகள் வீடு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்கூட இருக்கலாம், சொல்ல வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தாள். பிறகு, கோடு கோடாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருபத்திநாலு வயசுப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

மேஸ்திரி வந்ததும் கை கழுவக்கூட விடவில்லை. சட்டத்தையும் தீக்குச்சிகளையும் நீலக்கோட்டையும் காட்டினாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"அந்தக் காலத்துல எல்லா வீட்லயும்தான் நீலக்கோடு தலையணை இருந்துச்சு."

"மூணு பித்தான் துளை இருக்கு. என் தங்கச்சி போட்டது. நடு துளை கோணல். பாருங்க."

பார்த்தார். கோணலாகத்தான் இருந்தது.

"மூடிடு" என்றார்.

"என்னங்க?"

"தைச்சு மூடிடு. எலி தின்ன மூலைய ஒட்டுப்போட்டு, ஆணிய அடிச்சு, சனிக்கிழமை குடுத்து அனுப்பிடு. நீ பிரிக்கலேன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல."

"நான் பிரிச்சுட்டேனே."

அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும் மனிதர். "இந்தப் பட்டறையில தைக்கறது நீ. வெட்டறது நீ. நான் இல்லேன்னாலும் வண்டி ஓடும், எனக்குத் தெரியாதா? எனக்குன்னு இருக்கறது என் வாய் ஒண்ணுதான். மேஸ்திரி சொன்னா சரின்னு நாலு பேரு சொல்றான் பாரு, அது ஒண்ணுதான் நான் வாழ்நாள்ல சம்பாதிச்சது. அதையும் உன் தலையணை உறையில சுத்தித் தூக்கிப் போடச் சொல்றியா?"

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. "பதினொண்ணு தெரியாம தச்சேன். இதைத் தெரிஞ்சு தைக்கணும்ங்கறீங்க. எனக்குக் கை வரலைங்க" என்றாள். சாப்பிட்டாள். ஸ்பாஞ்சு மேல் சாய்ந்தாள். இருபது நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. யாரும் எழுப்பவில்லை.

புதன்கிழமை மேஸ்திரி தானே மெஷினில் உட்கார்ந்தார். மெரூனில் ஒரு பட்டை தைத்துப் பார்த்தார். நூல் அறுந்தது. மறுபடி கோத்தார். இரண்டு ஊசியை உடைத்தார். பதினொரு அங்குலம் தைத்திருந்தார். கோடு, குடித்தவன் நடந்த மாதிரி போயிருந்தது. அவள் வேறொரு வண்டியின் கதவுப் பட்டையை ஒட்டிக்கொண்டே பார்த்தாள்.

"பெடலை இவ்ளோ அழுத்தாதீங்க. அது என் கால்னு நினைச்சுட்டீங்களா."

"பேசாம இரு."

அவர் எழுந்து மேசைக்கே போய்விட்டார்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு அவள் எழுந்து வந்தபோது, மேஸ்திரி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். பச்சைத் துண்டு அவர் கையில் இருந்தது. இழை எண்ணும் பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்து உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடியை எடுத்துவிட்டுத் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் தேய்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி எண்ணினார். அவள் வந்ததைக் கவனிக்கவே இல்லை.

"நெடுக்கு கம்பளி, குறுக்கு பருத்தி" என்றார் தனக்குத்தானே. "கோட்டுக்கு மட்டும் ரெட்டை இழை. அங்குலத்துக்கு முப்பத்தாறு. ரெயில் முதல் வகுப்பு சீட்டுக்கு நெய்யற தறியில ஓடினது... அடடா."

அப்புறம்தான் அவளைப் பார்த்தார். துண்டை உறைக்குள் போட்டு, உறையை இழுப்பறையில் போட்டு, இழுப்பறையை மூடினார். அவர் பொய்க்குத் துணை தேடவில்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அவர் அடுத்து என்ன செய்வார் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இருவரும் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பார்கள். அதில் நாலு, கத்தரிக்கோல் எங்கே என்பதற்கு.

சனிக்கிழமை நர்ஸ் பத்தரைக்கே வந்து தன் காருக்குள், சீட் இல்லாத இடத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் பதினொன்று பத்துக்கு வந்தார். மாதிரி சீட் மேசை மேல் பழைய போர்வையால் மூடிக் கிடந்தது.

"ஆச்சா?" என்றார் டாக்டர்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மேஸ்திரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து வந்து போர்வையை இழுத்தார்.

"டாக்டர், உங்க கண்ணாடிய எடுங்க."

டாக்டர் எடுத்தார். குனிந்தார். துளைகளைப் பார்த்தார், தட்டில் வரிசையாக அடுக்கியிருந்த அறுபத்திரண்டு ஆணிகளைப் பார்த்தார், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருந்த சிராய்களைப் பார்த்தார். "இதென்ன, தீக்குச்சியா?"

"ஆமா."

"கம்பெனில எதுக்கு தீக்குச்சி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். நிமிர்ந்தபோது பேயறைந்தவர் மாதிரி இருந்தார். "யார் பண்ண வேலை இது?"

மேஸ்திரி மனைவியைக் காட்டினார். "என் வீட்டுக்காரி. அப்ப ஏழு மாசம். சுத்தியல் தூக்க முடியல. பழைய துளையிலயே சொருகியிருக்கா. நான்தான்... துளைய நம்பி சொல்லிட்டேன் டாக்டர். தப்பா சொல்லிட்டேன்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"மேஸ்திரி, யோசிச்சுப் பாருங்க. பதினோரு வண்டி. எல்லாத்துக்கும் சங்கத்துல இருந்து கடிதம் குடுத்திருக்கேன், என் கையெழுத்து. இப்ப போய் என்னன்னு சொல்றது? இதை அப்படியே மூடிடலாம். நாம நாலு பேருக்குத்தானே தெரியும்."

காருக்குள்ளிருந்து நர்ஸின் குரல் வந்தது. "என்னை அந்தக் கணக்குல சேக்காதீங்க டாக்டர்."

"நீங்க உங்க வண்டிக்குப் பச்சை போட்டுக்கங்கம்மா, யாரு வேண்டாம்னா?"

"போட்டுட்டு? உங்க சங்கத்துக்காரங்க ஒவ்வொருத்தரும் வந்து, இது தப்பு, மெரூன்தான் நிஜம்னு எனக்கு சொல்லிக்குடுப்பாங்க. அதையும் கேட்டுக்கணுமா?"

டாக்டர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். அவள் கணவரின் கையைப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும், கையில் இல்லாத ஒரு துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

"இல்ல டாக்டர்" என்றார் மேஸ்திரி. "தீர்ப்பு சொன்னவன் நான். மாத்திச் சொல்ல வேண்டியவனும் நான்தான். நீங்க உங்க கடிதத்தை என்ன பண்ணணுமோ பண்ணுங்க. நான் சொல்லிடறேன்."

டாக்டர் கோபமாகத்தான் எழுந்தார். வாசல் வரை போனார். பிறகு திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், "அந்தப் பச்சைத் துண்டைக் காட்டுங்க" என்றார். வெளிச்சத்தில் வைத்து ஐந்து நிமிடம் பார்த்தார். கோடுகளுக்கு நடுவே ஒன்றேகால் அங்குலம் என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மாதிரி சீட்டை எடுத்துப்போகவில்லை. "அது இங்கயே கிடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"துணி எங்க கிடைக்கும்?" என்று நர்ஸ் கேட்டார்.

"நெய்யச் சொல்லணும்மா. ரெண்டு ஆலையில கேக்கலாம். ஆறு மாசம் ஆகும், கூடவும் ஆகலாம்" என்றார் மேஸ்திரி.

"ஆகட்டும்" என்றார் நர்ஸ். அவள் பக்கம் திரும்பி, "நீ போய்ப் படும்மா. முகமே சரியில்ல" என்று சொல்லிவிட்டு, பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவள் படுக்கவில்லை. நிற்கவும் முடியவில்லை. ரெக்ஸின் மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். மணி பன்னிரண்டே கால். பகல் வேளையில் அதை மூடியது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. மகளுக்குப் போன் செய்து, பதினோரு வண்டியும் பிரிக்க வரும், ஏப்ரலில் வரமுடியாது போலிருக்கிறது என்று சொன்னாள். "எப்பதான் வருவே?" என்றாள் மகள். "தெரியலடி. எண்ணிட்டுச் சொல்றேன்" என்றாள்.

வாசல் மேசையில் மேஸ்திரி முகவரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதினோரு பேரில் முதல் ஆளைக் கூப்பிட்டார். அவருடைய வழக்கமான குரலில் தொடங்கி, சௌக்கியம் விசாரித்து, மழை பற்றிப் பேசி, நாலு நிமிடம் சுற்றிவளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கத்துவது மெஷின் வரைக்கும் கேட்டது. இரண்டாவது ஆளிடம் இரண்டு நிமிடம் சுற்றினார். மூன்றாவது ஆள் சிரித்தாராம். விளையாடுகிறீர்களா என்று கேட்டாராம். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது என்று அப்புறம் சொன்னார். நாலாவது ஆளிடம் சுற்றவே இல்லை.

"நான் மேஸ்திரி பேசறேன். உங்க சீட்டைப் பத்தி நான் சொன்னது தப்பு. கம்பெனி உறை மெரூன் இல்ல, பச்சைத் துணி. ஆமா, நிச்சயமா. ஆமாங்க, அன்னைக்கும் நிச்சயம்னுதான் சொன்னேன்."

அவள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். அவர் குடித்தார். ஐந்தாவது ஆள் எடுக்கவில்லை. பெயருக்கு நேரே 'எடுக்கவில்லை, 1.05' என்று எழுதினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஆறாவது யாரு?" என்றார். கண்ணாடி போட்டிருந்தும் அவருக்கு எழுத்து தெரியவில்லை.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைக் கையால் நீட்டிவிட்டுக்கொண்டு, நோட்டைத் தன் பக்கம் இழுத்து நம்பரைப் படித்தாள்.